தென்காசிப் பக்கம் ஒரு பிரேசில்காரர்

ஆங்கிலம் பேசக் கற்றுத்தரும் வகுப்புகளின் முதல் பாடத்துக்கு இன்னும் நோபல் சமாதானப் பரிசு கிடைக்காதது பெரிய அநியாயம். ஐக்கிய நாடுகள் சபை தலைகீழாக நின்றும் நடக்காத காரியம், தென்காசிப் பக்கத்துச் சிற்றூர் ஒன்றில், பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே, கீழே செராக்ஸ் கடையும் பரோட்டாக் கடையும் இருக்கிற கட்டடத்தின் மாடியில், சாயங்காலம் ஒரு மணி நேரத்தில் நடந்து முடிகிறது. படியேறும்போது எல்லோரும் ஒரே தாலுகா. ஏறி உட்கார்ந்த கொஞ்ச நேரத்தில் ஒருவர் பிரேசில், ஒருவர் ஜப்பான், இரண்டு பேர் இத்தாலி. விசா வேண்டாம், ஏஜெண்டுக்குக் காசு வேண்டாம். சார் ஆளுக்கொரு அட்டை கொடுப்பார். அதில் ஒரு பெயரும் ஒரு நாடும் இருக்கும். எழுந்து நின்று பேச வேண்டியதுதான்.

“வேர் ஆர் யூ ஃப்ரம்?”

“ஐ ஆம் ஃப்ரம் ஜப்பான்.”

“ஓ, யூ ஆர் ஜாப்பனீஸ்!”

“எஸ், ஐ ஆம் ஜாப்பனீஸ். ஆர் யூ மெக்சிகன்?”

“நோ, ஐ ஆம் நாட் மெக்சிகன். ஐ ஆம் பிரேசிலியன்.”

இப்படிப் பேசிக்கொண்ட கார்லோஸும் யூக்கோவும் ஒரே மினிபஸ்ஸில் வந்து இறங்கியவர்கள். கார்லோஸ் உரக்கடையில் கணக்கு எழுதுகிறார். யூக்கோ பி.காம். முடித்துவிட்டு வீட்டில் இருக்கிறார். இருவருடைய சொந்தப் பெயரும் வகுப்பு முடியும்வரை தெரியவில்லை. யாருக்கும் அது தேவைப்படவும் இல்லை. தன்னை அறிமுகம் செய்துகொள்ளச் சொல்லித்தரும் பாடத்தில் தன்னை நடுவில் இழுத்து விடாத இந்த அடக்கம் வேறு எந்தப் பாடத்திட்டத்தில் உண்டு?

இந்தப் பாடத்துக்குப் பிறந்த வீட்டில் ஒரு நியாயம் இருந்தது. அதையும் சொல்லிவிட வேண்டும். லண்டன் பக்கத்து மொழிப் பள்ளிகளில் ஒரு பெஞ்சில் ஸ்பெயின்காரி, பக்கத்துப் பெஞ்சில் துருக்கிக்காரர் உட்கார்ந்திருப்பார்கள். அங்கே ‘நீ எந்த நாடு?’ என்பது கேட்டால்தான் தெரியும். எல். ஜி. அலெக்சாண்டர் 1967இல் கொண்டுவந்த ‘நியூ கான்செப்ட் இங்கிலீஷ்’ வரிசையின் முதல் புத்தகத்தை எடுத்துக்கொள்ளுங்கள். இப்போது புழங்கும் பதிப்பில், ஆரம்பப் பாடம் ஒன்றில், புதிதாக வந்த பிரெஞ்சு மாணவியை ஜெர்மன், ஜப்பான், கொரிய, சீன மாணவர்களுக்கு ஆசிரியர் அறிமுகம் செய்துவைக்கிறார். அடுத்த பாடத்தில் அதே மரியாதை கார்களுக்கு: இது ஸ்வீடன் கார், இது பிரெஞ்சு கார், இது ஜப்பான் கார். மனிதர்களை நிறுத்திய அதே இலக்கணத்தில் கார்களையும் வரிசையாக நிறுத்திவிடலாம் என்பது எவ்வளவு சிக்கனம்! கார்களுக்கும் தேசியம் உண்டு என்பதை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ளட்டும். பின்னால் வேண்டியிருக்கும்.

பிரிட்டிஷ் தொலைக்காட்சி இந்தப் பாடத்தின் பெருமையை 1977லேயே கண்டுகொண்டது. ‘மைண்ட் யுவர் லாங்வேஜ்’ என்ற அந்த நகைச்சுவைத் தொடரில் லண்டனில் ஒரு மாலை வகுப்பு. மாணவர்களுக்குக் குணம் தேடி எழுத்தாளர் சிரமப்படவில்லை. நாடு ஒன்றே போதுமானதாக இருந்தது. இத்தாலிக்காரர் சத்தம் போடுவார், பிரெஞ்சுக்காரி மயக்குவாள், ஜெர்மன்காரி விறைப்பாக நிற்பாள், சீக்கியரும் பாகிஸ்தானியரும் சண்டை போடுவார்கள். ஒரு மனிதனைப் புரிந்துகொள்ள அவன் பாஸ்போர்ட்டின் அட்டையே போதும், உள்ளே புரட்ட வேண்டாம் என்ற முதல் பாடத்தின் தத்துவத்தை இவ்வளவு விசுவாசமாகப் படமாக்கியவர்கள் வேறு யாரும் இல்லை. இனங்களைக் கேலி செய்கிறது என்று பிறகு சிலர் குறை சொன்னார்கள். சொல்லட்டும். தொடர் நம் பக்கம்வரை வந்து ஓடியது. நாமும் விழுந்து விழுந்து சிரித்தோம்.

அப்புறம் அதிகாரம் வந்து சேர்ந்தது. ஐரோப்பிய மன்றம் 2001இல் வெளியிட்ட மொழித்திறன் சட்டகத்தில் ஆறு படிகள். அடிப்படியின் பெயர் ஏ1. தன்னையும் பிறரையும் அறிமுகம் செய்யத் தெரிய வேண்டும். எங்கே குடியிருக்கிறாய், யாரைத் தெரியும், என்னென்ன வைத்திருக்கிறாய் என்று கேட்கவும் சொல்லவும் தெரிய வேண்டும். அந்தப் படியில் காலை வைக்க அவ்வளவு போதும். பிரிட்டன் அரசு இதைப் பார்த்தது. 2010 நவம்பர் 29 முதல், அங்கே இருக்கிற கணவனிடமோ மனைவியிடமோ போய்ச் சேர விண்ணப்பிக்கிறவர்கள், சில நாட்டுக்காரர்களும் விலக்குப் பெற்ற சிலரும் தவிர, ஏ1 அளவுக்கு ஆங்கிலம் பேசிக் காட்ட வேண்டும் என்று விதி போட்டது. யாழ்ப்பாணத்திலும் திருச்சியிலும் தாலி ஏறிய கையோடு பெண்கள் முதல் பாடத்தை உருப்போட உட்கார்ந்தார்கள். பொருத்தம் பார்க்க ஜோசியர்கள் தலைமுறை தலைமுறையாக என்னென்னவோ கட்டங்கள் போட்டார்கள். தம்பதி ஒரே வீட்டில் இருக்கலாமா வேண்டாமா என்பதை, ‘வாட் இஸ் யுவர் நேம், வேர் டூ யூ லிவ்’ என்று கேட்டே முடிவு செய்யலாம் என்ற யோசனை அவர்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

நம் மாடி வகுப்புக்கு வருவோம். இங்கே வந்த பிறகுதான் முதல் பாடத்தின் சமூகப் புரட்சி தெரியும்.

தென் மாவட்டங்களில் புது ஆளைப் பார்த்தால் கேட்கிற கேள்விகளுக்கு ஒரு வரிசை உண்டு. “எந்த ஊரு?” முதலில் வரும். ஊர் பெயர் சொன்னால் “எந்தத் தெரு?” என்பார்கள். தெருவும் பிடிபடாவிட்டால் “நீங்க யார் வீடு? உங்களுக்குக் குலசாமி எது?” என்று போய், தேடியது கிடைத்ததும் நிற்கும். முதல் பாடம் இந்த வழக்கத்தை ஒரே அடியில் ஒழித்துவிட்டது. அதில் தெருவே கிடையாது; நாடுதான். கார்லோஸின் மணிக்கட்டில் இரண்டு நிறத்தில் திரித்த கயிறு கட்டியிருந்தது. அந்த நிறம் என்ன சொல்கிறது என்று அறையில் எல்லோருக்கும் தெரியும். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பள்ளி மாணவன் ஒருவனை அவன் வீட்டிலேயே புகுந்து உடன் படித்த பையன்கள் வெட்டிய பிறகு, அரசு, ஓய்வுபெற்ற நீதிபதி கே. சந்துருவைக் கொண்டு ஒருநபர் குழு அமைத்தது. பள்ளிகளில் இந்த வண்ணக் கயிறுகள் கூடாது என்று 2024இல் அவர் அறிக்கை கொடுத்தார். அவர் இவ்வளவு சிரமப்பட்டிருக்க வேண்டாம். மாடிக்கு வந்திருந்தால் கயிறு கட்டிய கை பிரேசிலுடையதாக மாறுகிற அற்புதத்தை நேரிலேயே பார்த்திருக்கலாம். யூக்கோ அந்தத் தெருக்காரரிடம் அதுவரை பேசியதில்லையாம். பிரேசிலியனிடம் பேசலாம், தடையில்லை. வகுப்பு முடிந்து மினிபஸ் ஏறியதும் அவர் முன்பக்கம், இவர் பின்பக்கம். அதற்குப் பாடம் பொறுப்பல்ல.

பாடத்தின் உடல் என்று பார்த்தால் ஒரு பட்டியல். இடப்பக்கம் நாடு, வலப்பக்கம் அந்த நாட்டு ஆள். பிரேசில் என்றால் பிரேசிலியன், சைனா என்றால் சைனீஸ், ஸ்பெயின் என்றால் ஸ்பானிஷ். பிள்ளைகளுக்கு ஒரு விதி பிடிபடுகிற மாதிரி இருக்கும்போது ஃப்ரான்ஸ் வந்து ஃப்ரெஞ்ச் ஆகும். ஹாலந்து வந்து டச் ஆகும். ‘ஹி இஸ் எ ஜெர்மன்’ சரி, ‘ஹி இஸ் எ ஃப்ரெஞ்ச்’ தப்பு, ஏன் என்று கேட்கக் கூடாது. டச்சுக்காரரை வாழ்நாளில் ஒருமுறைகூடப் பார்க்கப்போகாத பிள்ளைகள் அவரைத் தப்பாகக் கூப்பிட்டுவிடக் கூடாது என்பதற்காக அரை மணி நேரம் வியர்வை சிந்துகிறார்கள். விருந்தோம்பல் என்றால் இதுவல்லவா! பத்தாவது செராக்ஸில் மங்கிப்போன அந்தப் பட்டியலில் சுவிட்சர்லாந்து இருக்கிறது, பெரு இருக்கிறது. நேபாளம் இல்லை, பங்களாதேஷ் இல்லை, இலங்கை இல்லை. அண்டை வீட்டுக்காரரைப் பெயர் சொல்லிக் கூப்பிட என்ன இலக்கணம் வேண்டிக்கிடக்கிறது என்று நினைத்திருப்பார்கள்.

இந்தப் பட்டியலைப் படித்துவிட்டு யார் எங்கே போகிறார்கள் என்றும் கேட்க வேண்டும். இந்தப் பக்கத்தில், முக்கியமாகக் கடையநல்லூர்ப் பக்கம், வளைகுடாவில் ஆள் இல்லாத தெரு குறைவு. வகுப்பில் பாதிப் பேர் அந்தக் கனவில்தான் இருக்கிறார்கள். பத்தாம் வகுப்பு தாண்டாதவர் பாஸ்போர்ட் எடுத்தால் அதில் ஈ.சி.ஆர். விழும்; 1983ஆம் வருஷத்துக் குடிபெயர்வுச் சட்டப்படி, சவூதி, கத்தார், அமீரகம் போன்ற நாடுகளுக்கு வேலைக்குப் போக குடிபெயர்வு அனுமதி தனியாக வாங்க வேண்டும். போய் இறங்கினால் அங்கே நாடு என்ன என்ற கேள்வி நிஜமாகவே வரும். வேலை, கூலி, மரியாதை எல்லாமே அந்தப் பதிலைப் பார்த்துத்தான் என்று போய்வந்தவர்கள் சொல்வார்கள். தங்கும் அறையில் ஒரு பாகிஸ்தானி, ஒரு நேபாளி, இரண்டு பங்களாதேஷ்காரர்கள், ஒரு மலையாளி. பேச்சு இந்தியும் மலையாளமும் கலந்த ஏதோ ஒன்றில் நடக்கும். ஆங்கிலம் தேவைப்படுவது கபில் எனப்படும் அரபு முதலாளி முன்னால் நிற்கும்போது: சம்பளம் மூன்று மாசமாக வரவில்லை, என் பாஸ்போர்ட்டைத் திருப்பிக் கொடுங்கள், ஊரில் அப்பாவுக்கு உடம்பு சரியில்லை, லீவு வேண்டும். இந்த வாக்கியங்களில் எதையும் முதல் பாடம் சொல்லித்தராது. இரண்டாம், மூன்றாம் பாடங்களிலும் கிடையாது. அவற்றில் நண்பர்கள் பார்ட்டியில் சந்தித்துப் பிடித்த உணவு எது என்று கேட்டுக்கொள்வார்கள். முதலாளி முன்னால் நிற்கிறவனுக்கும் பீட்சா பிடிக்கும் என்று சொல்லத் தெரிந்திருந்தால் பேச்சில் ஒரு இனிமை வராதா?

அட்டை விளையாட்டு முடிந்ததும் சார் சொன்னார்: “ஓகே, இப்ப அட்டையக் கீழ வையுங்க. இப்ப ரியல். உங்க சொந்த நேஷனாலிட்டி. ஒவ்வொருத்தரா.” வகுப்பு சுறுசுறுப்பானது. ஐ ஆம் இண்டியன், ஐ ஆம் இண்டியன் என்று பெஞ்சு பெஞ்சாக ஓடியது. கடைசிப் பெஞ்சில் இத்தாலி அட்டை வாங்கிய பையன் ஒருவன். அவனும் எழுந்து “ஐ ஆம் இண்டியன்” என்றான். “வெரி குட்” என்றார் சார். எழுவாய், வினை, பெயரடை மூன்றும் சரியாக இருந்தன.

அவன் அகதி முகாமிலிருந்து வருகிறவன் என்று பிறகு கீழே டீ குடிக்கும்போது சொன்னான். தாத்தா மலையகத்தில் தேயிலைத் தோட்டம். அப்பா அம்மா இலங்கையில் பிறந்து படகில் வந்தவர்கள். இவன் பிறந்தது தமிழ்நாட்டு அரசு மருத்துவமனையில். படித்தது தமிழ்நாட்டுப் பள்ளியில். நம் குடியுரிமைச் சட்டமும் ஒருவகையில் முதல் பாடம்தான், பட்டியல் மட்டும் கொஞ்சம் நீளம். 1987 ஜூலை 1க்கு முன்னால் இந்த மண்ணில் பிறந்திருந்தால் பிறப்பாலேயே இந்தியர். அன்றைக்கும் அதற்குப் பிறகும் பிறந்திருந்தால் தாய் தகப்பனில் ஒருவராவது இந்தியராக இருக்க வேண்டும். 2004 டிசம்பருக்குப் பிறகு இன்னும் இறுக்கிவிட்டார்கள். 2019இல் சட்டத்தைத் திருத்தி அண்டை நாட்டு அகதிகளில் சில மதத்தினருக்குக் கதவைத் திறந்தபோது ஆப்கானிஸ்தான், பாகிஸ்தான், பங்களாதேஷ் என்று மூன்று நாட்டைப் பட்டியலில் போட்டார்கள். செராக்ஸ் பட்டியலில் இல்லாத இலங்கை அந்தப் பட்டியலிலும் இல்லை. தமிழ்நாட்டில் நூற்றுக்கு மேற்பட்ட முகாம்கள் இருக்கின்றன. 2021இல் அரசு அவற்றின் பெயரை ‘இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்’ என்று மாற்றியது. பெயர் மாறியது, அங்கே பிறந்த பிள்ளைகள் ‘ஐ ஆம்’ என்று ஆரம்பித்தால் அதற்கு அடுத்த சொல் இன்னும் வரவில்லை.

இந்தப் பயிற்சி அந்தக் குடும்பத்துக்குப் புதிதல்ல. 1964 அக்டோபரில் இந்தியப் பிரதமர் லால் பகதூர் சாஸ்திரியும் இலங்கைப் பிரதமர் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் உட்கார்ந்து ‘கோடிட்ட இடத்தை நிரப்புக’ செய்தார்கள். தோட்டங்களில் நாடில்லாமல் இருந்த 9,75,000 பேரில் 5,25,000 பேர் ‘இண்டியன்’, 3,00,000 பேர் ‘சிலோனீஸ்’. மீதி 1,50,000 பேரின் கோட்டை அப்படியே விட்டுவிட்டு, பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று எழுந்துபோனார்கள். பத்து வருஷம் கழித்து இந்திரா காந்தி வந்து ஆளுக்குப் பாதி என்று நிரப்பினார். நிரப்பப்பட்ட ஆட்களிடம் ‘வேர் ஆர் யூ ஃப்ரம்?’ என்று இரண்டு முறையும் யாரும் கேட்கவில்லை. வாத்தியாரே கேள்வியும் கேட்டுப் பதிலும் சொல்லிவிடுகிற முறைக்கு இப்படி மேலிடத்து முன்மாதிரி இருக்கும்போது, மாடி வகுப்புச் சாரைக் குறை சொல்வது பாவம்.

பையன் பத்து நிமிஷம் இத்தாலியனாக இருந்தான். யாரும் ஆட்சேபம் சொல்லவில்லை. அடுத்த ஐந்து விநாடி இந்தியனாக இருந்தான். அதற்கும் ‘வெரி குட்’ கிடைத்தது. எந்த கலெக்டர் அலுவலகத்திலும் கிடைக்காத தாராளம் அது. வால்வோ காருக்கு ஸ்வீடன் என்று அடித்துச் சொல்கிற பாடத்தில், இவன் எந்த நாடு என்ற சிக்கலை எழுப்பிக் கூச்சப்படுத்தாமல் விட்டார்களே, அந்த நாகரிகத்துக்கே தனியாக ஒரு கும்பிடு போடலாம்.

தேசியம் முடிந்தால் சுயம். ‘டெல் மீ அபௌட் யுவர்செல்ஃப்.’ காலேஜ் முடித்த எல்லாப் பிள்ளைகளின் தலைக்கு மேலும் தொங்குகிற கத்தி இது. முதலில் ‘மைசெல்ஃப்’ என்று ஆரம்பிக்கும் வழக்கத்தைச் சார் அடியோடு பிடுங்குவார். தமிழ்நாட்டில் ஸ்போக்கன் இங்கிலீஷ் சார்மார் இதுவரை பிடுங்கிய ‘மைசெல்ஃப்’களை ஒரு இடத்தில் குவித்தால் குற்றாலம் ஐந்தருவியை அடைத்துவிடும். பிடுங்கிய இடம் காலியாக இருக்கக் கூடாதென்று ஒரு பத்தி கையில் கிடைக்கும். பெயர், ஊர், படிப்பு, மை ஃபாதர் இஸ் எ ஃபார்மர், மை மதர் இஸ் எ ஹவுஸ்வைஃப், மை ஹாபீஸ் ஆர் லிசனிங் டு மியூசிக் அண்ட் ரீடிங் புக்ஸ், மை ஸ்ட்ரெங்த் இஸ் ஹார்ட் வொர்க், மை வீக்னஸ், ஐ டிரஸ்ட் பீப்பிள் ஈசிலி. வகுப்பு முழுவதும் ஒரே பத்தி. இருபது வருஷமாகச் சேர்ந்து இருந்த கணவன் மனைவிக்குக்கூட இவ்வளவு ஒற்றுமையான பலவீனம் அமையாது.

யூக்கோ கை தூக்கினார். “சார், எங்கம்மா பீடி சுத்துதாவ. அதுக்கு இங்கிலீஷ்ல எப்படிச் சொல்லணும் சார்?”

சாருக்குக் கோபமெல்லாம் வரவில்லை. நல்ல மனுஷர். “அதெல்லாம் இன்டர்வியூல கேக்க மாட்டாங்கம்மா. ஹவுஸ்வைஃப்னே போடு. டீசண்டா இருக்கும்.”

“வீட்டுலதான சார் சுத்துதாவ, அப்ப ஹவுஸ்வைஃப் சரிதான்” என்று பின்னாலிருந்து ஒரு குரல். எல்லோரும் சிரித்தார்கள். யூக்கோவும் சிரித்துவிட்டு, அடித்து எழுதிக்கொண்டார்.

திருநெல்வேலி, தென்காசி வட்டாரத்தில் சொளகை மடியில் வைத்து, இலையை வெட்டி, தூளைப் போட்டு, உருட்டி, நூல் கட்டி, ஆயிரத்துக்கு இவ்வளவு என்று கூலி வாங்குகிற பெண்களால் எத்தனையோ வீடுகளில் அடுப்பு எரிகிறது. பேச்சுக்குக்கூட நிமிராமல் விரல் தன்பாட்டில் ஓடும். கடையில் இலை சரியில்லை, பீடி சரியில்லை என்று கழித்துப் போடுவதை வாய் பேசாமல் சகிப்பார்கள். 1966இல் பாராளுமன்றம் பீடி, சுருட்டுத் தொழிலாளர் சட்டம் கொண்டுவந்து, வீட்டில் உட்கார்ந்து சுற்றுகிறவர்களும் தொழிலாளர்தான் என்று ஒப்புக்கொண்டது. 1976இல் நலநிதிச் சட்டம் வந்தது. பீடித் தொழிலாளர் பிள்ளைகளுக்குப் படிப்பு உதவித்தொகையும் உண்டு. யூக்கோவும் வாங்கிப் படித்தவர். ஆக, அந்த அம்மாவை டெல்லி தொழிலாளி என்று எழுதியது, அடையாள அட்டை கொடுத்தது, மகளுக்கு உதவித்தொகை அனுப்பியது. அந்தச் சட்டம் அறுபது வருஷத்துப் பழைய சங்கதி. முதல் பாடம் ஒரே வாக்கியத்தில் அவரை வேலையிலிருந்து நிறுத்தி வீட்டில் ஓய்வாக உட்கார வைத்துவிட்டது. எந்தத் தொழிற்சங்கமும் வாங்கித்தராத ஓய்வு. அந்த வகுப்புக்குக் கட்டிய பணமும் அந்தச் சொளகிலிருந்து வந்ததுதான் என்பதைச் சொல்லி நல்ல காரியத்தின் நடுவில் மூக்கை நுழைக்க வேண்டாம்.

‘பீடி ரோலர்’ என்று சொன்னால் எதிரே கோட் போட்டு உட்கார்ந்திருப்பவருக்குப் புரிந்திருக்கும். இன்னொரு கேள்வியும் கேட்டிருப்பார். அந்தக் கேள்விக்கு அந்தப் பெண்ணிடம் பத்து நிமிஷத்துக்குப் பேச விஷயம் இருக்கிறது; வேறு யாரிடமும் இல்லாத விஷயம். தடுமாறிப் பேசியிருப்பார், காலங்கள் மாறிப்போயிருக்கும், ஆனால் பேசியிருப்பார். இப்படி ஒரு ஆபத்து நேராமல் பார்த்துக்கொள்ளத்தான் பத்தி அச்சிட்டுக் கொடுத்திருக்கிறார்கள்.

2012இல் வந்த ‘இங்கிலீஷ் விங்கிலீஷ்’ படத்தை நம் ஊர் ஸ்போக்கன் இங்கிலீஷ் உலகம் குலதெய்வமாகக் கும்பிடுகிறது. ஸ்ரீதேவி நியூயார்க்கில் நாலு வார வகுப்பில் சேர்வார். வகுப்பில் ஒரு பிரெஞ்சு சமையல்காரர், பாகிஸ்தானி டாக்சி ஓட்டுநர், மெக்சிகோ ஆயா, இட்லிக்கு ஏங்குகிற நம் தமிழ் என்ஜினீயர். ஆனால் கும்பிடுகிறவர்கள் உச்சக் காட்சியை நன்றாகக் கவனித்தார்களா என்பது சந்தேகம். லட்டு கீழே கொட்டிவிட்டதால் மறுபடி லட்டு பிடிக்கப்போய் அந்த அம்மாள் பரீட்சையே எழுதவில்லை. கல்யாண வீட்டில் எழுந்து நின்று, தன் வீட்டைப் பற்றி, தன் மனசில் இருந்ததைத் திக்கித் திக்கிப் பேசினார். வந்திருந்த வாத்தியார் அதற்கே முதல் தரத்தில் தேறியதாகச் சொல்லிவிட்டார். பொறுப்பில்லாத வாத்தியார். என்ன நாடு என்று சொல்லவில்லை, ஹாபி சொல்லவில்லை, ஸ்ட்ரெங்த், வீக்னஸ் ஒன்றும் கிடையாது. நம் மாடியில் பேசியிருந்தால் உட்காரச் சொல்லியிருப்பார்கள்.

சாரையும் சும்மா சொல்லக் கூடாது. எம்.ஏ. ஆங்கிலம் படித்துவிட்டு, தனியார் பள்ளியில் வாங்குகிற சம்பளம் போதாமல் சாயங்காலம் இங்கே நிற்கிறார். புத்தகம் அவர் எழுதியதல்ல. பட்டியல் அவர் போட்டதல்ல. பிள்ளைகளுக்கு இன்டர்வியூவில் வேலை கிடைக்க வேண்டும், அவ்வளவுதான் அவர் கவலை. சொந்தக் கதையைப் பேசவிட்டால் ஒரு ஆளுக்கே ஒரு மணி நேரம் போய்விடும், பேட்ச் முடியாது என்றார். நியாயம். கார்லோஸ் என்றால் நாற்பது விநாடியில் முடிந்துவிடும்.

கீழே பரோட்டாக் கடையில் கல்லுக்குப் பக்கத்தில் ஒரு பையன் நிற்கிறான். அஸ்ஸாமிலிருந்து வந்து வருஷம் தாண்டிவிட்டது. மாவு பிசைகிறான், வீசுகிறான், “அண்ணே, சால்னா ஊத்தவா?” என்று கேட்கிறான். எந்த அட்டையும் பட்டியலும் இல்லாமல் தமிழ் பேச வந்துவிட்டது. மாடியில் இருபது பேர் இல்லாத பிரேசிலிடமும் இல்லாத ஜப்பானிடமும் ‘வேர் ஆர் யூ ஃப்ரம்?’ என்று கேட்டுக்கொண்டிருக்கும் அதே நேரத்தில், உண்மையாகவே வேறு ஊரிலிருந்து வந்த ஒரே ஆள் அவர்களுக்கு நேர் கீழே வெங்காயம் வெட்டிக்கொண்டிருக்கிறான். வகுப்பு முடிந்து இறங்குகிறவர்கள் அவனிடம் பரோட்டா வாங்குவார்கள். “ஏ ஹிந்தி, ரெண்டு பார்சல்” என்பார்கள். அஸ்ஸாமில் அஸ்ஸாமிய மொழி என்று ஒன்று உண்டு என்பது பட்டியலில் வராது. நாட்டுக்குள் இருக்கிற நாடுகளைப் பற்றிப் புத்தகம் போட்டவர்களுக்கு என்ன கவலை?

அடுத்த பேட்ச் மாசம் பிறந்ததும் தொடங்குகிறது. கட்டணத்தை மொத்தமாக முன்பே கட்ட வேண்டும். பாதியில் நின்றால் திரும்பக் கிடைக்காது. சேர நினைக்கிறவர்கள் தாராளமாகப் போகலாம். மாடிப்படி பரோட்டாக் கடையை ஒட்டித்தான் இருக்கிறது. ஏறுவதற்கு முன்னால் அந்தப் பையனிடம் எந்த ஊர், வீட்டில் யார் யார் இருக்கிறார்கள் என்று ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்கள். தமிழிலேயே கேட்கலாம், பதில் சொல்வான்.